புல்தளமும் உழுநிலமும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம்)



இவ்வறக்கட்டளையின் சார்பில் உரையாற்றும்படி என்னைப் பணித்த அன்பர்கள், பேசும் பொருளைத் தெரிந்துகொள்ளும் உரிமையை எனக்கே அளித்தார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் புல்தரையில் நடந்த டென்னிஸ் போட்டிகளை நான் எடுத்துக்கொண்டேன். வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் நெல்லும் கரும்பும் விளையும் இந்தப் பூமிக்கும், வெள்ளுடை அணிந்த துரைமார்கள் மாலை வேளையில் ஆடிய ஒரு விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்ற ஐயம் உங்களுக்கு எழுந்தால் அது நியாயமே. அந்த ஐயத்துக்கு விடை கூறும் முறையிலேயே என் உரை முழுவதும் அமையப்போகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புல்தளப் போட்டிகளின் சரித்திரத்தை வென்றவர், தோற்றவர் பெயர்ப் பட்டியலாகவே நாம் எழுதி வந்திருக்கிறோம். ஆட்டம் நடந்த நிலம் எத்தகையது, அதில் வளர்ந்த புல் யாது, அதைப் பண்படுத்தியவர்கள் எந்த அறிவைக் கொண்டு பண்படுத்தினார்கள் என்ற கேள்விகளை முன்வைத்து அச்சரித்திரத்தை மறுபடியும் எழுதினாலன்றி, அவ்விளையாட்டில் நம் நாட்டார் அடைந்த கீர்த்தியின் காரணம் நமக்கு விளங்காது. அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லத்தக்கவர்கள் நகரத்துச் சங்கங்களில் இருப்பதைக் காட்டிலும், சங்கராபரணியின் வண்டலிலும் பெண்ணையாற்றின் வண்டலிலும் தலைமுறை தலைமுறையாக உழுது வந்த உங்களிடையே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

நிலத்தை முன்வைத்து எழுதும் இந்த வழக்கம் இவ்வூர்களுக்குப் புதியதும் அன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டன. அத்தானத்தை வடமொழியிலும் தமிழிலும் பதிவு செய்த பாகூர்ச் செப்பேடு, கல்வியின் பெருமையைச் சொன்னதோடு நில்லாமல், அக்கல்வியைத் தாங்கிய நிலம் எது என்பதையும் வரையறுத்துச் சொல்கிறது. கல்விக்கென ஏற்பட்ட இந்த அறக்கட்டளையும் அந்த மரபில் வந்ததே ஆகையால், நிலத்தைப் பற்றி இந்த மேடையில் பேசுவது பொருத்தம் என்று கருதுகிறேன்.

1. போட்டி என்ற ஏற்பாடே நிலத்தைப் பேணும் கவலையில் பிறந்தது. லண்டனை அடுத்த விம்பிள்டனில் குரோக்கே ஆட்டத்துக்காக 1868-இல் தோன்றிய கழகம் ஒன்று, தன் புல்தரையைச் சமன்செய்ய வைத்திருந்த மட்டக்குதிரை இழுக்கும் உருளை பழுதுபட்டுப்போக, அதைச் செப்பனிடப் பணம் வேண்டி, 1877-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் டென்னிஸ் போட்டி ஒன்றை அறிவித்தது. 22 பேர் ஆடினார்கள். இறுதியாட்டம் மழையால் தள்ளிப்போய், பின்னர் நடந்தபோது, தலைக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து ஏறத்தாழ 200 பேர் பார்த்தார்கள். ஸ்பென்சர் கோர் என்பவர் வென்றார். இன்று உலகமெல்லாம் கொண்டாடும் விம்பிள்டன் பந்தயத்தின் பிறப்பு இதுதான். வில்லியனூரில் லூர்து மாதா கோயில் எழுந்ததும் அதே 1877-இல் என்பது இவ்வூராருக்கு அந்த ஆண்டை நினைவில் இருத்திக்கொள்ள உதவும்.

கோரின் பெயர் நிலைத்துவிட்டது. உருளை செய்த காரியம் என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மழை விட்டவுடன், மண்ணில் ஈரம் மிகுந்திருக்கும்போது உருட்டினால், மண் இறுகிக் காற்றோட்டம் அற்று வேர் மூச்சடைத்துப்போகும். வெயிலில் காய்ந்து கட்டாந்தரையான பிறகு உருட்டினால், உருளை மேடுகளின்மீது குதித்து ஓடுமேயன்றி அவற்றை அமுக்காது. ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்தால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில், அந்த ஒன்றிரண்டு நாளில், முதலில் நெடுக்கிலும் பிறகு குறுக்கிலும் உருட்ட வேண்டும். இந்தப் பதத்தை எந்தக் கருவியும் அக்காலத்தில் காட்டவில்லை, கை காட்டிற்று. புழுதிப் பதம், சேற்றுப் பதம் என்று மண்ணின் ஈரத்தைப் படிப்படியாகப் பிரித்தறிந்து, நாற்று நடுமுன் பரம்படித்து, நீர் ஒரே மட்டமாக நிற்கும்படி வயலைச் சமன்செய்யும் பாகூர் உழவருக்கு இது அந்நிய வித்தையாகுமா? 78 அடி நீளமும் இருவர் ஆட்டத்துக்கு 27 அடி அகலமும் கொண்ட ஓர் ஆடுதளத்தைச் சமன்செய்வது, மடைநீரின் போக்கை வைத்தே மேடுபள்ளம் அறிந்தவருக்கு எளிய காரியம்.

2. அடுத்தது புல். இங்கிலாந்தின் ஆடுதளங்களில் வளர்பவை குளிர்நாட்டுப் புல்வகைகள். நம் வெயிலைத் தாங்கமாட்டா. ஆகவே இந்நாட்டில் ஆடுதளம் அமைக்கப் புகுந்தவர்கள், நாம் ஏர்முனையால் கிளறிக் கிளறி வெளியே எறிந்தும் தீராத அறுகையே நாட வேண்டியதாயிற்று. வயலில் அது களை. பிள்ளையாருக்கு அது அர்ச்சனைப் பொருள். மணமக்களை ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழும்படி வாழ்த்தும்போது அது வம்சவிருத்தியின் அடையாளம். டென்னிஸ் விளையாட்டோ அதனிடம் வேறொரு குணத்தைக் கண்டது. அறுகு தரைக்கு மேலேயும் தண்டை ஓட்டும், தரைக்குக் கீழேயும் தண்டை ஓட்டும். கணுவுக்குக் கணு வேர்விடும். மிதித்தாலும், ஒட்ட வெட்டினாலும், மறுபடியும் பக்கவாட்டில் படர்ந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். ஆட்டக்காரர் காலை இழுத்து நிறுத்துமிடத்தில் பிய்ந்துபோகும் தரையைத் தானே தைத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு.

அதைப் பயிர்செய்யும் முறை நம் நாட்டுத் தோட்டக்காரர்களின் கைவேலை. விதைக்காகக் காத்திராமல், வேரோடு பறித்த அறுகைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, மண்ணும் பச்சைச் சாணமும் நீரும் சேர்த்துக் குழைத்து, நிரவி நனைத்த தரையின்மீது அந்தக் குழம்பைப் பூசிவிடுவார்கள். அல்லது விரற்கடை அளவு துண்டுகளை நாற்று நடுவதுபோல நெருக்கமாக ஊன்றுவார்கள். தழைத்த பிறகு வெட்டுவதும், இடையே தலைகாட்டும் கோரையைக் கிழங்கோடு கெல்லி எடுப்பதும், குழிவிழுந்த இடத்தில் சலித்த மண்ணைத் தூவி நிரப்புவதும் ஓயாத வேலை. கோரையைக் கிழங்கோடு எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் களையெடுக்கும் பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுகு வெயிலில் ஓங்கும், கடுங்குளிரில் உறங்கும். வடநாட்டில் பந்தயங்கள் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே நடந்தபடியால், மழைக்காலத்தில் வளர்த்த புல்லை அதுவரை தேய்ந்துபோகாமல் காத்துக்கொடுக்கும் பொறுப்பும் தோட்டக்காரரையே சார்ந்தது. நம் கடற்கரையிலோ ஐப்பசி, கார்த்திகை மழை தளத்தை நீரில் ஆழ்த்திவிட்டுப் போகும். தை பிறந்த பின்னரே தரை ஆட்டத்துக்குத் தயாராகும்.

3. தளத்தின் வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை உலக அமைப்புகளே ஒப்புக்கொண்ட காலம் ஒன்று உண்டு. 1913-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12 நாடுகளின் பிரதிநிதிகள் பாரிஸ் நகரில் கூடிச் சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தை ஸ்தாபித்தபோது, உலக வீரர் என்ற பட்டத்தை ஒன்றாக வைக்காமல், புல்தளம், கடினத்தளம், கூரைத்தளம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். புல்தள உலகப் போட்டி விம்பிள்டனுக்குக் கிடைத்தது. கடினத்தளப் போட்டி என்று அக்காலத்தில் அழைக்கப்பட்டது மண்தளத்தில் நடந்தது. அது முந்திய ஆண்டிலேயே பாரிஸை அடுத்த செயின்ட் க்ளூவில் தொடங்கியிருந்தது. பத்தாண்டு சென்று இப்பட்டங்கள் மறைந்தன. ஆயினும் ஒருவரை உலக வீரர் என்று சொல்லுமுன், எந்தத் தரையில் என்று கேட்டாக வேண்டும் என அன்றிருந்தோர் உணர்ந்திருந்தது என் கட்சிக்கு வலிய சான்று.

பிரெஞ்சு மக்களின் மனம் செங்கற்பொடி தூவிய மண்தளத்திலேயே தோய்ந்தது. 1928-இல் அவர்கள் எழுப்பிய அரங்குக்குச் சூட்டிய பெயர், ரோலான் காரோஸ் என்னும் விமானியின் பெயர். 1913-இல் பிரான்சின் பிரெழு நகரிலிருந்து மத்தியதரைக் கடலைக் கடந்து பறந்த அந்த வீரர் பிறந்தது ரீயூனியன் தீவில். புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர்களின் சந்ததியார் இன்றும் வாழும் தீவு அது. இங்கே புதுவையிலேயும், ஆசிரமத்தின் கடலோர டென்னிஸ் மைதானத்தில், ஸ்ரீ அன்னை எண்பதாம் வயதை எட்டும்வரை ஆடிவந்தார் என்பது உங்களில் முதியோர் அறிந்த செய்தி. புல்தளத்தைப் பற்றிப் பேச வந்த நான் இதைச் சொல்லாமல் போனால், இவ்வூரின் டென்னிஸ் தொடர்பில் பாதியை மறைத்தவனாவேன்.

4. இனி, என் உரையின் நடுநாயகமான உதாரணத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் லாகூரில் 1885-இலும் கல்கத்தாவில் 1887-இலும் மாகாணப் போட்டிகள் தொடங்கின. 1910-இல் அலகாபாத்தில் அகில இந்தியப் போட்டி ஏற்பட்டது. 1920-இல் லாகூரில் அகில இந்திய டென்னிஸ் சங்கம் அமைந்தது. இவற்றுள் கல்கத்தாவில் நடந்த வங்கப் போட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மிட்சுயி என்னும் ஜப்பானிய வாணிக நிறுவனத்தின் கல்கத்தாக் கிளையில் உத்தியோகம் பார்க்க வந்த இளைஞர் ஒருவர் இருந்தார். ஜென்ஸோ ஷிமிஸு என்பது அவர் பெயர். தம் நாட்டில் மெல்லிய ரப்பர்ப் பந்தால் ஆடிப் பழகியவர், கல்கத்தாவுக்கு வந்தபிறகே உலகம் ஆடும் பந்தைக் கையாளத் தொடங்கினார். அலுவலகம் விட்டதும் மாலைதோறும் கங்கை வண்டலில் வளர்ந்த அந்தப் புல்லின்மீது ஆடி ஆடி, வங்கப் போட்டியில் திரும்பத் திரும்ப வென்றார். 1920-இல் விம்பிள்டனுக்குப் போனபோது, முதல் ஆண்டிலேயே, நடப்பு வீரரை எதிர்க்கும் உரிமையைத் தீர்மானிக்கும் இறுதியாட்டம் வரை சென்று, அமெரிக்காவின் பில் டில்டனிடம்தான் தோற்றார். நெடிய டில்டனுக்கு எதிரே சிற்றுருவம் படைத்த அவர் நின்று ஆடிய காட்சி, அக்காலத்தார் மனத்தில் பதிந்தது. பலத்தால் அடித்து வெல்லும் உடற்கட்டு அவருக்கு இல்லை. தாழ்ந்து வரும் பந்தை முழங்கால் மடக்கி எடுத்துத் திருப்பும் பொறுமையே அவர் ஆயுதம். அந்தப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது கல்கத்தாத் தரை என்று நான் துணிந்து சொல்வேன்.

மறு ஆண்டு, 1921. இந்தியா முதன்முதலாக டேவிஸ் கோப்பைப் போட்டியில் கலந்துகொண்டது. சலீம், ஜேக்கப், ஃபைஸி ஆகியோர் அடங்கிய அணி பாரிஸ் நகரிலேயே பிரான்சை வென்றது. அன்று வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தன. கொம்யூன் எல்லையைத் தாண்டி இரண்டு வயல் நடந்தால் பிரிட்டிஷ் இந்தியா. இந்திய அணி என்ற பெயரோடு சிலர் பாரிஸில் வென்றபோது, எல்லைக்கு இப்பால் இருந்த நம் முன்னோர் யாருடைய வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டாட உரிமை பெற்றிருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கேள்வி தீர, பிரெஞ்சுக் கொடி இறங்கிய 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரான்சை வென்ற இந்திய அணி அமெரிக்கா சென்று, சிகாகோ நகரில் ஜப்பானிடம் தோற்றது. ஜப்பானிய அணியில் இருந்தவர்களில் ஒருவர் ஷிமிஸு. அதாவது, இந்தியாவைத் தோற்கடித்த கைகளுள் ஒன்று இந்தியப் புல்லில் பழகிய கை. நாடுகளின் பெயரால் எழுதப்படும் சரித்திரம் இதை இந்தியாவின் தோல்வி என்று ஒரு வரியில் முடித்துவிடும். நிலத்தின் பெயரால் எழுதுவோமாயின், கல்கத்தாவில் உருளை இழுத்தவர்களும், அறுகு நட்டவர்களும், பந்து பொறுக்கிக் கொடுத்த சிறுவர்களும் உருவாக்கிய ஆட்டம் ஒன்று உலகப் போட்டியின் உச்சத்தைத் தொட்டது என்று எழுதுவோம். அவ்வாண்டே டில்டனை இரண்டு செட்டுகள் முந்தி நின்று, பிறகு தோற்ற ஷிமிஸுவின் ஆட்டமும் அந்தச் சரித்திரத்தில் சேரும்.

5. சென்னைக்கு வருவோம். ஆங்கிலேயர் கழகங்களில் இந்தியருக்கு இடமில்லாத காலத்தில், புச்சிபாபு நாயுடு 1888-இல் மதராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். கிரிக்கெட்டுக்காக அவர் பெயர் பிரசித்தம். அவருடைய மைந்தர் ஒருவர் தாய்வழிப் பாட்டனார் குடும்பத்துக்குத் தத்துப்போய், கோட்டா ராமசாமி என்று பெயர் பெற்றார். கேம்பிரிட்ஜில் படிக்கும் காலத்தில், 1922-இல், இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் ஃபைஸியோடு ஜோடி சேர்ந்து ருமேனியாவை வென்றார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, தம் நாற்பதாம் வயதில், மான்செஸ்டரில் இந்தியாவின் கிரிக்கெட் அணியில் முதன்முதலாக ஆடி 40, 60 ஓட்டங்கள் எடுத்தார். இரண்டு விளையாட்டிலும் நாட்டின் அணியில் நின்ற பெருமை வெகு சிலருக்கே வாய்த்தது. சென்னையில் ஒரே குடும்பம், ஒரே கழகம் இரண்டுக்கும் இடம் கொடுத்ததையும், இரண்டும் ஒரே விதமான புல்தரையையே நம்பியிருந்ததையும் நாம் சேர்த்து நோக்க வேண்டும். ஆங்கிலேயர் தம் கழகத்தின் கதவைச் சாத்த முடிந்தது. புல் வளர்க்கும் வித்தையைச் சாத்திவைக்க அவர்களால் முடியவில்லை. அது முதலிலிருந்தே நம்மவர் கையில் இருந்தது.

6. தரை ஆட்டத்தின் போக்கை நிர்ணயிக்கிறது என்பதற்கு ராமநாதன் கிருஷ்ணனைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. புல்லில் பந்து நின்று எழும்பாது; வழுக்கிக்கொண்டு தாழ்ந்தே வரும். வேகமாக அடிப்பவர்க்கே அது சாதகம் என்பது பொதுவான எண்ணம். கிருஷ்ணனோ வேகத்தை நம்பாமல், பந்தை எழும்பத் தொடங்கும்போதே தொட்டு, எதிராளி இல்லாத இடத்துக்கு அனுப்பும் நுட்பத்தால், 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதியை அடைந்தார். முதல் ஆண்டில் நீல் ஃப்ரேசரிடமும், இரண்டாம் ஆண்டில் ராட் லேவரிடமும் தோற்றார். அவ்வவ்வாண்டில் பட்டம் வென்றவர்கள் அவர்களே. 1966-இல், கல்கத்தா சவுத் கிளப்பின் புல்தளத்தில், பிரேசிலின் தாமஸ் காக்குக்கு எதிராக ஒரு செட் பின்தங்கி, நான்காம் செட்டிலும் 2-5 என்று இருந்த நிலையிலிருந்து மீண்டு வென்று, இந்தியாவை முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுசென்றதும் அவரே. மண்தளத்தில் வளர்ந்த பிரேசிலியரைப் புல்லுக்கு அழைத்து வந்தது தற்செயல் ஆகாது. 1987-இல் டெல்லியில் அர்ஜென்டினாவை வரவேற்றபோதும் புல்லே விரிக்கப்பட்டது. விஜய் அமிர்தராஜ் தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு ஹைட்டேயை வென்றதும் அங்கேதான். 2019-இல் இத்தாலியோடு மோதக் கல்கத்தாப் புல்லை மறுபடியும் தேர்ந்தார்கள். இம்முறை அது பலிக்கவில்லை. அமெரிக்கப் போட்டி 1975-இலும் ஆஸ்திரேலியப் போட்டி 1988-இலும் புல்லைக் கைவிட்டுவிட, நம் சிறுவர்கள் சிமெண்டுத் தரையிலேயே வளர்ந்து, புல்லை விருந்தாளியாகக் கண்டு ஆடும் காலம் வந்துவிட்டது. தரையோடு பழக்கம் விட்டுப்போன பின், தரையை மட்டும் துணைக்கு அழைத்தால் அது எப்படி உதவும்?

7. இறுதியாக, செய்யவேண்டிய வேலையைப் பற்றிச் சொல்லி அமர்கிறேன். பழைய விளையாட்டுக் கழகங்கள் தம் கோப்பைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கின்றன. கணக்குப் புத்தகங்களைக் கரையானுக்கு விடுகின்றன. தோட்டக்காரருக்குக் கொடுத்த மாதச் சம்பளம், உருளை வாங்கிய செலவு, சாண வண்டிக்குக் கொடுத்த கூலி, கோடு போடச் சுண்ணாம்பு, கோடையில் தண்ணீர் சுமந்தவர்களுக்குக் கொடுத்த காசு ஆகியவை அந்தப் புத்தகங்களில்தான் இருக்கும். அவற்றைப் படியெடுக்க வேண்டும். சென்னையிலும் பிற நகரங்களிலும் புல்தளம் பேணி ஓய்வு பெற்றவர்களில் உயிரோடிருப்போரைக் கண்டு, அவர்கள் சொல்லும் பக்குவங்களை அவர்கள் பேசும் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வூர்ப் பள்ளிகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஊசுட்டேரிப் பக்கத்திலோ பாகூர் ஏரிப் பக்கத்திலோ, ஏதேனும் ஒரு பள்ளி மைதானத்தின் மூலையில், ஒரே ஓர் அறுகுத் தளத்தை மாணவர்கள் போட்டுப் பார்க்கட்டும். பரம்படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரும், கோரை கெல்லத் தெரிந்த ஓர் அம்மையாரும் அவர்களுக்கு ஆசிரியர்களாக இருக்கட்டும். மார்கழி மழை ஓய்ந்ததும் மண்ணை நிரவத் தொடங்கி, தையில் அறுகு நட்டால், ஆனி முடிவதற்குள் வலை கட்டலாம். கட்டும் நாளை இவ்வறக்கட்டளையினருக்குத் தெரிவித்தால், அடுத்த ஆண்டுச் சொற்பொழிவை அந்தத் தளத்தின் ஓரத்திலேயே நடத்தும்படி அவர்களிடம் நானே கேட்டுக்கொள்கிறேன்.